இரண்டு மூட்டை விதைக்காய்

நாக்பூர்
8.6.2025

அறிவுமதி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் வேலையில் சேர்ந்துவிட்டதாக, உங்களை ஏற்பாடு செய்த நர்ஸம்மா போனில் சொன்னார். சந்தோஷம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் அம்மாவுக்கு வாதம் வந்து பேச்சுதான் போனது, காது போகவில்லை. நம் வீடோ ஒரு கூடமும் ஒரு சமையலறையும். நீங்கள் எந்த மூலையில் நின்று பேசினாலும் கட்டிலில் இருப்பவர் காதில் விழும். அவரைப் பற்றி அவர் காதுபட விசாரிக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால் அவசரத்துக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் வாரம் ஒரு கடிதம். நான் இருபத்தெட்டு வருடமாகக் கணக்கு டீச்சர். எதையும் எழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மண்டையில் ஏறும்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. சித்திரையில் நிலத்திலேயே விழுந்துவிட்டார். வலது கையும் வலது காலும் வேலை செய்யவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். சாய்த்து உட்கார வைத்துத்தான் கஞ்சி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறிவிடும். கைக்குப் பயிற்சி கொடுக்க ஒரு ரப்பர் பந்து அனுப்பியிருக்கிறேன், தினமும் ஐம்பது முறை அழுத்த வைக்கவும். தினமும் குளிக்க வேண்டும். அதற்கு அவர் சம்மதிப்பாரா என்பது எனக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. உங்கள் முகவரியில் மேட்டுக் காலனி என்று பார்த்தேன். அம்மா பழைய மனுஷி. காலனியிலிருந்து வந்தவர்களை அவர் நிலைப்படி தாண்டி உள்ளே விட்டு நான் பார்த்ததில்லை. எந்த ஊர் என்று சைகையில் கேட்டால் திண்டிவனம் என்று சொல்லிவிடுங்கள். ஆவணி வரைக்கும்தானே.

ஆவணியில் அவரைச் சென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க ஏற்பாடு செய்திருக்கிறேன். சிங்கவரம் ரோட்டில் இருக்கும் முக்கால் ஏக்கரை சுந்தரமூர்த்தி என்பவர் மனை போட வாங்கிக்கொள்கிறார். பேசி முடித்தாகிவிட்டது. இந்த இரண்டும் அம்மாவுக்குத் தெரியாது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ல. ஜெயக்கொடி


செஞ்சி
16.6.2025

மரியாதைக்குரிய ஜெயக்கொடி மேடம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்தது. அதில் எல்லாம் இருந்தது, எனக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு என்பது மட்டும் இல்லை. மறந்திருப்பீர்கள்.

திண்டிவனம் விஷயம். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே, முதல் நாளே, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நான் காத்தாயி மவ. மேட்டுக் காலனி. உங்க நெலத்துல எங்கம்மா முப்பது வருசம் களை எடுத்துச்சி" என்றேன். முன்னாடியே கடிதம் வந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஒரு உடம்பைத் தொட்டுச் சுத்தம் செய்கிறவள் மனசில் பொய்யை வைத்துக்கொண்டு தொட முடியாது. கை காட்டிக்கொடுத்துவிடும். பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், பாதி நாள் புதுச்சேரி ஆஸ்பத்திரியில், பாதி நாள் வீடுகளில். அதனால் சொல்கிறேன்.

நீங்கள் பயந்தது நடந்தது. அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று நாள். நான் நீட்டிய டம்ளரை வாங்கவில்லை, ஸ்டூலில் வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகு இடது கையால் எடுத்துக் குடித்தார். துணி மாற்றும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். இரண்டாம் நாள் என் பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். அங்கே நின்று ராஜகிரிக் கோட்டை மலையைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தேன், வேறு யாரை முறைப்பது. அப்போது அம்மா துணி நனைந்து அரை மணி ஆகியிருக்குமே என்று ஞாபகம் வந்தது. பையை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

நான்காம் நாள் நொச்சித் தழை போட்டு வெந்நீர் வைத்தேன். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, தண்ணி ஆறுது. ஆறிப்போச்சின்னா ரெண்டாவது வாட்டி காய வைக்க மாட்டேன். எனக்கும் இடுப்பு இருக்குது" என்றேன். சொல்லிவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இடது கை மட்டும் சுவர்ப் பக்கத்திலிருந்து என் பக்கம் வந்தது. முகம் வரவில்லை.

எப்படிக் குளிப்பாட்டினேன் என்று எழுதுகிறேன், உங்களுக்குத் தெரிய வேண்டும். உடம்பு முழுக்கத் துண்டால் மூடிவிடுவேன். எந்த இடமோ அதை மட்டும் திறந்து, துடைத்து, மூடிவிட்டு அடுத்த இடம். தொடுவதற்கு முன்னால் "இப்ப கால்", "இப்ப முதுகு" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவேன். ரவிக்கை போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது வலது கை கடைசியில். அதைச் செத்த கை என்று யாரும் சொல்லக்கூடாது. நான் தூங்குற கை என்றுதான் சொல்வேன். தூங்குவது எழுந்திருக்கலாம்.

முதுகைத் திறந்தபோது துணியைப் பிழிய மறந்து நின்றுவிட்டேன் மேடம். நான் எத்தனையோ முதுகு பார்த்தவள். வயசானால் தோல் தளர்ந்து கூடு மாதிரி இருக்கும். இது அப்படி இல்லை. தண்டெலும்புக்கு இரண்டு பக்கமும் சதை இன்னும் முறுக்கின கயிறு மாதிரி ஓடுகிறது. தலைச்சுமை தூக்கித் தூக்கி, குனிந்து குனிந்து, அறுபது வருட வேலை அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. எங்கம்மா முதுகும் அச்சு அசல் இதுவேதான். ஒருத்தர் நிலத்துக்காரர், ஒருத்தர் கூலிக்காரர் என்று அந்த முதுகைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

இப்படிக்கு,
கா. அறிவுமதி


நாக்பூர்
23.6.2025

அறிவுமதிக்கு,

உங்களுக்கு எழுதிய முதல் பதிலைக் கிழித்துப் போட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளைகளை எனக்கு வகுப்பிலும் பிடிக்காது. உங்கள் லீவு விஷயம் கவனத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த முதுகைப் பற்றி எழுதியதை நான்கு முறை படித்தேன். வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நான் என் அம்மாவின் முதுகைப் பார்த்ததே இல்லை. மே மாதம் இருபது நாள் அங்கே இருந்தேன் அல்லவா? ஒரு நாள் கூட என்னைக் குளிப்பாட்ட விடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து, பக்கெட்டை வைத்துவிட்டு, கதவுக்கு வெளியே போய் நிற்க வேண்டும். ஒரு கையால் தானே ஊற்றிக்கொள்வார். ஒரு நாள் உள்ளே விழுந்துவிட்டார். சத்தம் கேட்டுக் கதவைத் தட்டினேன். அந்த நிலையிலும் கதவைத் திறக்காதே என்று காலால் உதைத்தார். ஐம்பத்து நான்கு வயதில் கதவுக்கு வெளியே நின்று அழுதேன். பெற்ற மகளை விடாதவர் உங்களிடம் கையை நீட்டினார். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஆச்சரியமாகவும் இருக்கிறது. எது அதிகம் என்று பிரிக்கத் தெரியவில்லை.

காத்தாயியை நினைவிருக்கிறது. களை எடுக்கும்போது எல்லோருக்கும் முன்னால் போவார், திரும்பிப் பார்த்து மற்றவர்களைக் கிண்டல் செய்வார். நலமா?

பந்துப் பயிற்சி எப்படிப் போகிறது?

ஜெயக்கொடி


செஞ்சி
4.7.2025

அன்புள்ள மேடத்துக்கு,

பந்து தெருவில் இருக்கிறது. அம்மா இடது கையால் எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டார். நான் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தேன், மறுபடியும் வீசினார். மூன்றாவது தடவை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. நாய்க்கு நல்ல பயிற்சி.

இனி எழுதுவதை உட்கார்ந்து படியுங்கள்.

சமையலறை மூலையில் இரண்டு மூட்டை தைத்து வைத்திருக்கிறதே, போன அறுவடையில் அம்மா விதைக்கு எடுத்து வைத்த மல்லாட்டை. அதில் ஒன்றை எலி கடித்து நாலைந்து படி சிந்திவிட்டது. வாரி முறத்தில் போட்டு, காற்றாட அம்மா கட்டில் மேல் வைத்துவிட்டு நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். திரும்பிப் பார்த்தால் அம்மா ஒரு காயை எடுத்துக் கட்டில் இரும்பில் தட்டி உடைத்துக்கொண்டிருந்தார். பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன். உடைத்த வேர்க்கடலைப் பருப்பை அன்றைக்குச் சட்னிக்கு அரைத்தேன்.

மறுநாள் வேறு ஒன்று செய்தார். இடது கையால் ஒரு காயை எடுத்து, தூங்குற கையைத் திருப்பி, உள்ளங்கையில் வைத்தார். பிறகு அந்த விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் மடக்கி மூடினார். கட்டை விரலைக் காய் மேல் கொண்டுவந்து வைத்தார். அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாளும் அதே. காலையில் சாப்பிட்டதும் முறத்தைக் கேட்பார், காயை வைப்பார், மூடுவார், பார்ப்பார். நான்கு நாள்.

நேற்று காலை பத்து மணி இருக்கும். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். டக் என்று ஒரு சத்தம். மல்லாட்டை உடைகிற சத்தம் நம் ஊரில் யாருக்குத் தெரியாது? நிமிர்ந்து பார்த்தேன். இடது கை மடியில் இருந்தது. வலது கட்டை விரல் காய்க்குள் இறங்கியிருந்தது.

அம்மாவும் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ வீட்டுக்கு வந்தவர்களைப் பார்ப்பது போல. கிட்டே போகக்கூடப் பயமாக இருந்தது, போனால் அந்தக் கை மறுபடி தூங்கிவிடுமோ என்று. அம்மா இன்னொரு காயை வைத்தார். கொஞ்ச நேரம் ஆனது, டக். இன்னொன்று. மூன்று உடைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போகிறது, இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான். நான் கீரையை அப்படியே போட்டுவிட்டு அழுதேன். டாக்டர் ஆறு மாதம் ஆகும், வந்தாலும் வரும் வராவிட்டாலும் இல்லை என்றார். அந்தக் கைக்குள் மல்லாட்டை உடைக்கிற வழி மட்டும் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது.

மூட்டையைப் பிரித்து இன்னும் கொடுக்கலாமா? விதைக்காய் என்பதால் கேட்கிறேன்.

அறிவுமதி


நாக்பூர்
12.7.2025

அன்புள்ள அறிவுமதிக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் பிரித்தேன். படித்துவிட்டு நான் வெளியே போய் நின்றதைப் பார்த்து எல்லோரும் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தியிடம், "என் அம்மா ஒரு வேர்க்கடலையை உடைத்துவிட்டார்" என்று சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

தாராளமாகக் கொடுங்கள். இரண்டு மூட்டையையும் பிரித்துக் கொடுங்கள். நாம் இனி விதைக்கவா போகிறோம்? அந்தக் கை பிழைத்தால் போதும்.

நம் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது என்று டிவியில் காட்டினார்கள். சுந்தரமூர்த்தி உடனே போன் செய்தார், இனிமேல் மனைக்கு நல்ல கிராக்கியாம், சீக்கிரம் பத்திரம் முடிக்க வேண்டுமாம். ஆகஸ்ட் கடைசியில் வருகிறேன். அம்மாவைக் காரில் சென்னைக்கு அழைத்துப் போகும்போது நீங்களும் கூட வந்தால் நன்றாக இருக்கும்.

அந்த இல்லத்தில் கடலை உடைக்க விடுவார்களா என்று கேட்க வேண்டும்.

அன்புடன்,
ஜெயக்கொடி


செஞ்சி
26.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மேடம் என்று எழுதி எழுதிக் கை வலிக்கிறது. கோபம் என்றால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு எப்படியும் கோபம் வரத்தான் போகிறது.

நீங்கள் சொன்னபடி மூட்டையைப் பிரித்தேன். அன்றிலிருந்து அம்மா வேறு ஆள். காலையில் எழுந்ததும் முறம் வேண்டும். மத்தியானம் படுக்க வைத்தால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். முதல் நாள் வழக்கம்போல ஒரு கிண்ணம் பருப்பைச் சட்னிக்கு எடுக்கப் போனேன். முறத்தின் மேல் இரண்டு கையையும் வைத்து மூடிக்கொண்டார். கையை எடுக்கவில்லை. ஒரு பருப்பு கூடச் சமையலுக்குப் போகக்கூடாது. சொத்தையும் சுருக்கமும் தனியாகப் பொறுக்கினார், தோல் கிழிந்ததைத் தனியாகப் போட்டார். நல்லது மட்டும் சாக்கில். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

என்னால் தனியாக ஈடு கொடுக்க முடியவில்லை. எங்கம்மாவைக் கூப்பிட்டேன். வந்தவள் பழக்க தோஷத்தில் நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்தாள். இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து உடைத்தாள். மூன்றாம் நாள் மழைச் சாரல் அடித்தது. நான் எங்கம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கட்டில் பக்கத்தில் உட்கார வைத்தேன். அம்மா ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார். அவ்வளவுதான் நடந்தது, அதற்கு மேல் நான் பெரிசுபடுத்தி எழுத மாட்டேன்.

பத்து நாளில் இரண்டு மூட்டையும் முடிந்துவிட்டது. கடைசி முறம் காலியானதும் எங்கம்மா புடவையை உதறிக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி, இவ்ளோ வெதயும் உடைச்சாச்சே, எப்ப போடறாங்க?"

"போடலம்மா. சும்மா கைக்குப் பயிற்சிக்கு."

"பயிற்சியா? உடைச்ச வெத எத்தினி நாளு தாங்கும்னு தெரியுமா உனுக்கு? காயா இருந்தா ஒரு வருசம் கெடக்கும். உடைச்சிட்டா மூணு வாரம். அப்பறம் எண்ணெய்க்குத்தான் ஆவும். உடைச்சா போட்டாவணும், போட்டா புடுங்கற வரிக்கும் கூட இருந்தாவணும்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். "ஏம்மா, தெரிஞ்சேதான் பண்ணீங்களா?"

அம்மா கையைத் தூக்கினார். தூங்குற கை அக்கா. தோள் வரைக்கும் தூக்கி, சிங்கவரம் ரோட்டுப் பக்கம் காட்டினார். நடுங்கிக்கொண்டே இருந்தது, ஆனால் இறக்கவில்லை.

நிலத்தை விற்கப் போவது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். போன மாதக் கடைசியில் சுந்தரமூர்த்தி ஜன்னலுக்கு வெளியே நின்று உங்களோடு போனில் பேசினார். "ஆவணில பத்திரம்னா, அம்மாவ மெட்ராஸ் அனுப்பிடறீங்க இல்ல?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி. காது போகவில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள்.

பேச முடியாத ஒரு மனுஷி பத்து நாள் உட்கார்ந்து தன் பதிலை உடைத்து வைத்துவிட்டார். கொடுக்கலாமா என்று கேட்டது நான், கொடுங்கள் என்று சொன்னது நீங்கள். நம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். நான் காத்தாயி மகள், நீங்கள் லட்சுமியம்மாள் மகள்.

இப்போது என்ன செய்யட்டும்?

அறிவுமதி


நாக்பூர்
30.7.2025

அறிவுமதிக்கு,

செய்ய ஒன்றும் இல்லை. பருப்பை எண்ணெய் ஆட்டக் கொடுத்துவிடுங்கள்.

உங்களுக்குப் புரிகிறதா? நான் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறேன். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் அவர் போய்விட்டார் என்று நினைத்துத்தான் எடுக்கிறேன். அம்மாவுக்கு ராத்திரி மூச்சு முட்டினால் சென்னை இல்லத்தில் டாக்டர் இருப்பார், செஞ்சியில் நீங்கள் ஒருத்திதான். நாளைக்கு நீங்கள் போய்விட்டால்? உங்களுக்குக் கல்யாணம் ஆனால்? அவர் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். நிலத்தில் பயிர் இருந்தால் சுந்தரமூர்த்தி பத்திரத்துக்கு வரமாட்டார்.

இதில் உங்கள் அம்மாவை எதற்குக் கூப்பிட்டீர்கள்? நிலம் கை மாறினால் அவருக்கு வேலை போய்விடும் என்று நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அம்மாவைத் தூண்டிவிட்டதாக யாராவது சொன்னால் நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் கூலிக்கு வந்தவர். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள், அது போதும். குடும்ப விஷயத்தில் தலையிட வேண்டாம்.

ல. ஜெயக்கொடி


செஞ்சி
3.8.2025

ஜெயக்கொடி அவர்களுக்கு,

இன்று ஆடிப்பெருக்கு. உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதை அம்மாவிடம் முழுவதும் வாசித்துவிட்டேன். தலையிட வேண்டாம் என்று சொன்னீர்கள், அதனால்தான் வாசித்தேன். இது உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உள்ள விஷயம், நடுவில் நான் எதற்கு?

கூலிக்கு வந்தவர் என்ற வரியை மட்டும் தாண்டிப் போனேன். எப்படித்தான் தெரிந்ததோ, அம்மா தாளை விரலால் தட்டினார். திரும்பி வந்து அதையும் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு முட்டினால் என்று நீங்கள் எழுதிய இடத்தை மறுபடி வாசிக்கச் சொல்லித் தட்டினார். இரண்டு தடவை கேட்டார். அழுதார் என்று எழுதினால் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் நான்தான் பொய் எழுத மாட்டேனே.

பிறகு சாக்கைப் பக்கத்தில் இழுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டே வலது கையை உள்ளே விட்டார். அடியில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், மேலே கொஞ்சம் என்று கிளறி, கைக்கு வந்ததை எடுத்தார். பத்து பருப்பு. உங்கள் கடித உறையைக் காட்டி அதில் போடச் சொன்னார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும் என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. இத்துடன் அனுப்புகிறேன்.

எங்கம்மாவைப் பற்றி ஒன்று. உங்கள் முக்கால் ஏக்கரை நம்பி அவள் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறாள், நானும் சம்பாதிக்கிறேன். பத்து நாளும் உடைத்ததற்கு அவள் கூலி கேட்கவில்லை, நான் கொடுக்கப் போனதற்கும் திட்டினாள்.

டிராக்டர் வைத்திருக்கும் தங்கராசு, மகள் சொன்னால்தான் வருவேன் என்கிறார். நியாயம்தான். நீங்கள் சொல்லாமல் ஒரு பருப்பும் மண்ணில் விழாது. எண்ணெய்க்கும் போகாது, அந்தச் சாக்கைத் தூக்க என்னால் முடியாது. இன்னும் பத்து பன்னிரண்டு நாள் இருக்கிறது.

கா. அறிவுமதி


செஞ்சி
15.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

திங்கட்கிழமை நீங்கள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போடச் சொன்னீர்கள். போட்டேன். "அம்மா, விதைங்க" என்றீர்கள். அப்புறம் உங்களுக்கும் பேச்சு வரவில்லை, இந்தப் பக்கத்தில் பேச்சே கிடையாது. இரண்டு பேரும் ஐந்து நிமிஷம் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

நேற்று முன்தினம் விதைத்தோம். முந்தின நாள் நல்ல மழை, மண் பதமாக இருந்தது. அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, நாற்காலியோடு வரப்பில் உட்கார வைத்தோம். சித்திரையில் விழுந்த அதே இடம். மண்ணைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலை ஆட்டினார். கழற்றினேன். இரண்டு காலையும் ஈர மண்ணில் எடுத்து வைத்தேன். அங்கே கோட்டை மூன்று மலையிலும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, வந்திருந்த நாலு பெண்களும் நானும் யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஒரு கிழவி மண்ணில் கால் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். விதைப்பு அன்று அம்மாதான் முதல் விதை கொடுப்பார். கையில் கொடுக்க மாட்டார். தரையில் ஒரு கோணியை விரித்து அதில் கொட்டுவார், எங்கள் ஆட்கள் குனிந்து அள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள். முப்பது வருடமும் அப்படித்தான். எங்கம்மா பழக்கப்படி கோணியை எடுத்து விரித்தாள்.

அம்மா கொட்டவில்லை. தூங்குற கையைச் சாக்குக்குள் விட்டார். இனிமேல் அப்படிச் சொல்லக்கூடாது, வலது கையை. ஒரு பிடி அள்ளினார். பாதி விரலிடுக்கில் சிந்தியது. மீதியை மூடிப் பிடித்துக்கொண்டு எங்கம்மாவைப் பார்த்து நீட்டினார்.

எங்கம்மா உடனே வாங்கவில்லை அக்கா. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது, தங்கராசு இறங்கி வந்து பார்த்தார். அம்மா கை நீட்டினது நீட்டினபடி. முப்பது வருடத்துக்கும் சேர்த்து எங்கம்மா என்ன கேட்க வேண்டுமோ அதை அவ்வளவு நேரமும் நின்று கேட்டாள் என்று நினைக்கிறேன். அப்புறம்தான் முந்தானையை விரித்தாள். அம்மா கையைத் திறந்தார். "இன்னும் போடும்மா, இது ஒரு சாலுக்குக்கூடப் பத்தாது" என்றாள் எங்கம்மா.

தங்கராசு முன்னால் உழுது சால் ஓட்ட, எங்கம்மா முதல் ஆளாக விதை போட்டுக்கொண்டே போனாள். மற்றவர்களைத் திரும்பிப் பார்த்துக் கிண்டல் செய்தாள், நீங்கள் எழுதின மாதிரியே.

அந்தப் பத்து பருப்பை என்ன செய்தீர்கள்?

அறிவு


நாக்பூர்
24.8.2025

அன்புள்ள அறிவுக்கு,

உறையைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்தை மேட்டுக் காலனி முகவரிக்கு எழுதியிருக்கிறேன். காத்தாயி அம்மா வீட்டுக்கு என்று எழுதினேன். திண்டிவனம் என்று சொல்லச் சொன்னவள் நான். அம்மாவைப் பழைய மனுஷி என்று எழுதிவிட்டு, அந்தப் பழசை எனக்குள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறேன். கூலிக்கு வந்தவர் என்று எழுதியதும் அதில் சேர்ந்ததுதான். மன்னிக்கச் சொல்லிக் கேட்கிறேன். உங்கள் அம்மா மாதிரி நீங்களும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று யோசியுங்கள்.

அந்தப் பத்து பருப்பு. எனக்கு எட்டு வயதில் அம்மா கொடுத்த முதல் வேலை அது. விதைப்புக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சாக்கிலிருந்து பத்தை எடுத்து, ஈரத் துணியில் சுற்றி என்னிடம் கொடுப்பார். நாலாம் நாள் பிரித்து எண்ணிச் சொல்ல வேண்டும். எட்டுக்குக் குறைந்தால் விதை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, நான் சொல்கிற எண்ணை நம்பி நிலத்தில் இறங்குவார். நான் கணக்கு டீச்சர் ஆனது அந்த ஈரத் துணியில்தான். நாற்பத்தாறு வருடம் கழித்து அதே வேலையை எனக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறார். விதைக்கட்டுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். பிடிவாதம் என்று நினைத்தேனே, அவர் என் அனுமதியைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

கைக்குட்டையை நனைத்துச் சுற்றி வைத்தேன். திங்கட்கிழமை காலை பிரித்தபோது ஒன்பது முளைத்திருந்தது. அந்த உடம்பில் உயிர் இனி கொஞ்சம்தான் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கை எடுத்து அனுப்பியதில் பத்துக்கு ஒன்பது. கைகூப்ப வேண்டும் போலிருந்தது, கைக்குட்டையைப் பார்த்துக் கைகூப்பினேன்.

சுந்தரமூர்த்தியிடம் நிலம் இல்லை என்று சொல்லிவிட்டேன். சென்னை இல்லத்துக்கும் வரவில்லை என்று எழுதிவிட்டேன். அம்மா அவர் வீட்டில்தான் இருப்பார். உங்களுக்கு விருப்பம் இருந்தால் நீங்கள் அவரோடு இருங்கள். வாரம் ஒரு நாள் லீவு, அன்றைக்கு மாற்று ஆள், எல்லாம் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தி அனுப்புங்கள்.

தசரா விடுமுறைக்கு வருகிறேன். வந்ததும் உங்களுக்குச் சேர வேண்டிய பழைய லீவு நாட்களையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அம்மாவைக் குளிப்பாட்டுவது நான். முழுக்கத் துண்டால் மூட வேண்டும், தொடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும், ரவிக்கை போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது கடைசியில். மனப்பாடம் செய்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்பட்டும். இந்த முறை நான் கதவுக்கு வெளியே போய் நிற்க மாட்டேன். வெந்நீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆறினால் இரண்டாவது முறையும் காய வைப்பேன், மூன்றாவது முறையும் காய வைப்பேன். நான்காம் நாள் கை வரும் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா
ஜெயக்கொடி